பிடிக்காதவர்கள் கூட்டம் போட நாம் கையெழுத்துப் போடலாமா?

#1 கரிசல்காடு

எல்லோருக்கும் வணக்கம். ஒரு விஷயத்தில் இரண்டு நாளாக மண்டை காய்கிறது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

எங்கள் ஊர் சின்ன ஊர். பன்னிரண்டு பேர் சேர்ந்து வாசகர் வட்டம் நடத்துகிறோம். போன வருடம் பேருந்து நிலையம் பக்கத்தில் சாதி ஆணவக் கொலைகளைக் கண்டித்துத் தெருமுனைக் கூட்டம் போட அனுமதி கேட்டோம். "காவல் சட்டம் 30(2) அமலில் உள்ளது, சட்டம் ஒழுங்கு பாதிக்கப்படும்" என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய், நிபந்தனைகளோடு உத்தரவு வாங்கி வந்து கூட்டத்தை நடத்தினோம். அன்றைக்குப் பார்த்து மழை. நாற்பது பேர்கூடத் தேறவில்லை, அது வேறு கதை.

இப்போது இட ஒதுக்கீட்டை எதிர்க்கும் ஓர் அமைப்பு அதே இடத்தில் கூட்டம் போட அனுமதி கேட்டிருக்கிறது. அவர்களுக்கும் அதே ஒரு வரி பதில். எங்கள் கடிதத்திலிருந்த எழுத்துப்பிழைகூட அப்படியே இருக்கிறது. அவர்களில் ஒருவர் நேற்று வீட்டுக்கு வந்து, "உங்களுக்கும் இதுதானே சார் நடந்தது? எங்கள் மனுவில் உங்கள் வட்டமும் ஒரு கையெழுத்துப் போட்டால் பலமாக இருக்கும்" என்றார்.

என் அப்பாதான் எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவர். எனக்கு வேலை கிடைத்ததே இட ஒதுக்கீட்டில்தான். வந்தவருக்கு டீ கொடுத்தேன், பதில் கொடுக்கவில்லை. வட்டத்தில் பாதிப் பேர் "இதைக் கேட்கவே அவனுக்கு எப்படி மனசு வந்தது" என்கிறார்கள். மீதிப் பேர் வாயைத் திறக்கவில்லை. என்ன செய்வது?

#2 சும்மா வந்தவன்

உங்கள் கூட்டத்துக்கு அனுமதி மறுத்தபோது அவர்கள் வந்து கையெழுத்துப் போட்டார்களா? இல்லைதானே. அப்புறம் என்ன.

#3 பழைய கோப்பு

நீதிமன்றத்தில் முப்பது வருடம் கோப்பு தூக்கியவன் என்பதால் வழக்கிலிருந்தே தொடங்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு கிராமத்திலே என்று ஒரு தமிழ்ப் படம். பிராமணப் பெண் ஒருத்தி பொய்ச் சாதிச் சான்றிதழில் படித்து ஐ.ஏ.எஸ். ஆகிறாள் என்பது கதை. சாதி அடிப்படையிலான இட ஒதுக்கீடு தப்பு என்பதுதான் படம் சொல்ல வருவது. தணிக்கைக் குழு யு சான்றிதழ் கொடுத்தது. எதிர்ப்புக் கிளம்பி, சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சான்றிதழை ரத்து செய்தது. வழக்கு டெல்லிக்குப் போனது. படம் ஓடினால் கலவரம் வரும் என்று தமிழ்நாடு அரசே அங்கே வாதாடியது.

1989 மார்ச் 30 அன்று, ரங்கராஜன் எதிர் ஜகஜீவன் ராம் வழக்கில், உச்ச நீதிமன்றம் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தது. ஆர்ப்பாட்டம் நடக்கும், கல் விழும் என்ற மிரட்டலுக்காக ஒரு கருத்தை அடக்கினால், அது சட்டத்தின் ஆட்சியைக் கைகழுவிவிட்டு மிரட்டலுக்குப் பணிவதாகும் என்றது. கூட்டத்தைச் சமாளிக்க முடியாது என்று அரசு கையை விரிக்கக் கூடாது, பாதுகாப்புக் கொடுப்பது அதன் கடமை. பேச்சுக்கும் விளைவுக்கும் உள்ள தொடர்பு வெடிமருந்துப் பீப்பாயில் விழும் தீப்பொறி மாதிரி நேரடியாக இருந்தால்தான் கை வைக்கலாம்.

எனக்கு அந்தப் படத்தின் கருத்தில் துளியும் உடன்பாடு கிடையாது. ஆனால் 1989-க்குப் பிறகு இந்த நாட்டில் கூட்டம், நாடகம், படம், புத்தகம் என்று எதற்குத் தடை வந்தாலும் வக்கீல் முதலில் எடுத்து வைப்பது இந்தத் தீர்ப்பைத்தான்.

கரிசல்காடு, உங்கள் போன வருட மனுவை எடுத்துப் பாருங்கள். அதில் இந்தத் தீர்ப்பு இல்லாவிட்டால் நான் பேச்சை நிறுத்திக்கொள்கிறேன்.

#4 கரிசல்காடு

எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. அது எதைப் பற்றிய வழக்கு என்று வக்கீலும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

#5 சும்மா வந்தவன்

ஹா ஹா. எதிரி வெட்டிய கிணற்றில் போன வருடம் நீங்கள் தண்ணீர் குடித்திருக்கிறீர்கள்.

#6 பறையொலி

சிரிப்பெல்லாம் இருக்கட்டும். எல்லோரும் பேச்சுரிமை தரும் அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவையே பிடித்துத் தொங்குகிறீர்கள். 17 என்று ஒன்று இருக்கிறது, தெரியுமா? தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்கிற பிரிவு. 19 பெரும்பாலும் அரசாங்கத்தைப் பார்த்துத்தான் பேசுகிறது. 17 அப்படி இல்லை. டீக்கடைக்காரரையும், பக்கத்துத் தெருக்காரரையும், மைக் பிடிப்பவரையும் பார்த்துப் பேசுகிறது.

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. இப்படி ஒரு கூட்டம் நடந்தால் மறுநாள் வகுப்பறையில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மேடையில் "தகுதி, திறமை" என்று நாகரிகமாகத்தான் பேசுவார்கள். அது எட்டாம் வகுப்புக்கு வந்து சேரும்போது "கோட்டா" என்று ஒரு பிள்ளையின் பட்டப்பெயர் ஆகியிருக்கும். அந்தப் பிள்ளை சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போய் உட்காரும். இதை எந்த வழக்கு அறிக்கையில் தேடுவீர்கள்?

எல்லா உரிமைகளையும் ஒரே மாதிரி காப்போம் என்கிறீர்கள், சரி. அந்தப் பிள்ளைக்கும் உரிமை இருக்கிறது. கணக்கில் அதையும் சேருங்கள். உங்கள் கொள்கைப் பிடிப்புக்கு விலை கொடுப்பது கையெழுத்துப் போடுகிறவர்கள் இல்லை என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

#7 கரிசல்காடு

அக்கா, நீங்கள் சொல்வதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

#8 பழைய கோப்பு

பறையொலி அம்மா சொல்வதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. ஆனால் இரண்டு காரியங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இட ஒதுக்கீடு என்ற கொள்கை வேண்டாம் என்பது ஒன்று. பட்டியல் சாதி மக்களை இழிவாகப் பேசுவது இன்னொன்று. இரண்டாவதற்கு 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பகைமை மூட்டினால் இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 196-ஆம் பிரிவு இருக்கிறது. பேசியவர் மேல், பேசிய பேச்சுக்காக வழக்குப் போடலாம், போட வேண்டும். பேசுவதற்கு முன்னாலேயே வாயைக் கட்டுவது வேறு சங்கதி. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ரத்து செய்த 2015 தீர்ப்பிலும் இந்தக் கோட்டைத்தான் போட்டார்கள். விவாதிக்கலாம், ஒரு கருத்துக்காக வாதாடலாம், தூண்டிவிடும் இடத்தில்தான் சட்டம் உள்ளே வரும்.

இன்னொன்று. இட ஒதுக்கீட்டின் வரலாறும் பேச்சுரிமையின் வரலாறும் ஒரே காகிதத்தின் இரண்டு பக்கம். இது பலருக்குத் தெரியாது.

1950-இல் சென்னை மாகாண அரசு பம்பாயிலிருந்து வந்த கிராஸ் ரோட்ஸ் என்ற இடதுசாரி வார இதழைத் தன் எல்லைக்குள் நுழைய விடவில்லை. டெல்லியில் ஆர்.எஸ்.எஸ். சார்பான ஆர்கனைசர் இதழிடம், அச்சடிப்பதற்கு முன் எங்களிடம் காட்டு என்று உத்தரவு போட்டார்கள். இரண்டு பேரும் உச்ச நீதிமன்றம் போனார்கள். மே 26 அன்று, ஒரே நாளில், ஒரே அமர்வு இரண்டு உத்தரவுகளையும் ரத்து செய்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நம் ஊர்க்காரர் பதஞ்சலி சாஸ்திரி. கம்யூனிஸ்டும் ஆர்.எஸ்.எஸ்.காரரும் அன்று சாயங்காலம் ஒரே தீர்ப்பைக் கொண்டாடியிருக்க வேண்டும், தனித்தனி வீட்டில்.

அடுத்த வருடம் செண்பகம் துரைராஜன் வழக்கில் கல்லூரி இடங்களைச் சாதிவாரியாகப் பிரித்த நம் வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. பெரியார் கிளர்ச்சி, கொந்தளிப்பு எல்லாம் நமக்குத் தெரியும். 1951 ஜூனில் முதல் திருத்தம் வந்து 15(4) சேர்ந்தது, இட ஒதுக்கீடு பிழைத்தது. அதை நாம் இன்றும் கொண்டாடுகிறோம். ஆனால் அதே திருத்தத்தில்தான், 1950-இன் இதழ் வழக்குகளுக்குப் பதிலடியாக, பேச்சுரிமைக்குக் கட்டுப்பாடு போட இடம் தரும் 19(2)-க்குள் "பொது ஒழுங்கு" என்ற சொல்லை நுழைத்தார்கள். கரிசல்காட்டுக்கு வந்த அந்த ஒரு வரிக் கடிதத்துக்குப் பாட்டன் அந்தச் சொல்தான். நியாயமாகச் சொன்னால், கட்டுப்பாடு "நியாயமானதாக" இருக்க வேண்டும் என்ற வார்த்தையும் அப்போதுதான் 19(2)-க்குள் வந்தது. நீங்கள் மதுரையில் ஜெயித்தது அந்த வார்த்தையால்.

#9 திருச்சிக்காரன்

கோப்பு ஐயா எழுதியதைப் படித்ததும் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது.

1957 நவம்பர் 26. சாதியைக் காப்பாற்றுகிற பிரிவுகளை நீக்கு என்று சொல்லித் திராவிடர் கழகத்தார் அரசியல் சட்டத்தின் பிரதிகளைக் கொளுத்தினார்கள். கொளுத்துவோம் என்று பெரியார் அறிவித்ததுமே, அதற்கென்று சென்னை சட்டமன்றத்தில் அவசரமாக ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். மூன்று வருடம் வரை சிறை. தெரிந்தேதான் கொளுத்தினார்கள், ஆயிரக்கணக்கில் உள்ளே போனார்கள். தாத்தா ஒன்பது மாதம் இருந்தார். வெளியே வந்தபோது வீட்டில் மாடு இல்லை, பாட்டி விற்றுவிட்டிருந்தார். அந்த மாட்டைப் பற்றித்தான் கடைசிவரை பேசுவார், சிறையைப் பற்றிப் பேச மாட்டார்.

பெரியார் சிலைக்குக் கீழே "கடவுள் இல்லை" வாசகம் இருக்கக் கூடாது என்று ஒருவர் வழக்குப் போட்டார். 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கடவுளைப் பற்றிக் கருத்துச் சொல்ல 19-ஆம் பிரிவு உங்களுக்கு இடம் கொடுத்தால், அதை மறுத்துச் சொல்ல எதிர்த்தரப்புக்கும் இடம் கொடுக்கிறது என்பதுதான் சாரம். அன்று எங்கள் தெருவில் இனிப்பு கொடுத்தோம்.

இதையெல்லாம் பெருமையாக எழுதிவிட்டேன். ஒன்றையும் ஒப்புக்கொள்கிறேன். சில வருடங்களுக்கு முன் பெரியாரை அசிங்கமாகப் பேசிய ஒரு யூடியூப் ஆளைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். "குண்டாஸ் போடுங்க சார்" என்று சிரிப்புப் பொம்மையோடு நானே பகிர்ந்தேன். அன்றைக்குத் தாத்தா நினைவு வரவில்லை.

#10 வலதுகரை

நான் மற்ற இழைகளில் உங்கள் எல்லோரிடமும் திட்டு வாங்குகிறவன். இங்கே உங்களோடு உடன்படுகிறேன் என்பது எனக்கே ஆச்சரியம். கூட்டம் நடக்கட்டும். கருத்தைக் கருத்தால் எதிர்கொள்ளுங்கள். உரிமை எல்லோருக்கும் பொது. மதமாற்றக் கூட்டங்கள் மட்டும் வேறு, அது கருத்து இல்லை, அது ஏமாற்று வேலை. அதற்கு அனுமதி கொடுக்கக் கூடாது.

#11 சும்மா வந்தவன்

முழுசாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை ஐயா.

#12 பறையொலி

25-ஆம் பிரிவை ஒரு தடவை எடுத்துப் படியுங்கள் சார். மதத்தைப் "பரப்ப" என்ற சொல் அதிலேயே இருக்கிறது. அரசியல் நிர்ணய சபையில் அதை எடுக்கச் சொல்லிச் சண்டை போட்டவர்கள் இருந்தார்கள், ஆனாலும் சொல் நின்றது. அடுத்தவரை மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் எனக்குத் தெரியும், நீங்கள் அடுத்து அதைத்தான் எடுத்துப் போடுவீர்கள். அப்போதும் பேசுவதற்கு, பிரசங்கம் செய்வதற்குத் தடை இல்லை.

#13 பழைய கோப்பு

வலதுகரைக்கு ஒரு சோதனைக் கேள்வி. 1985-இல் கேரளாவில் யெகோவா சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகளைப் பள்ளியை விட்டு நிறுத்தினார்கள். தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. அவர்கள் நம்பிக்கைப்படி பாடக் கூடாது. பள்ளி நிறுத்தியது, உயர் நீதிமன்றம் பள்ளி பக்கம் நின்றது. 1986-இல் உச்ச நீதிமன்றத்தில் சின்னப்ப ரெட்டி அமர்வு பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. சகிப்புத்தன்மையை நம் மரபு கற்பிக்கிறது, நம் தத்துவம் போதிக்கிறது, நம் அரசியல் சட்டம் கடைப்பிடிக்கிறது, அதை நீர்த்துப்போகச் செய்யாதீர்கள் என்று முடித்தார்கள்.

எனக்கு ஜன கண மன கேட்டால் இன்றும் மயிர் கூச்செறியும். அந்தப் பிள்ளைகள் ஏன் பாடவில்லை என்பது எனக்குப் புரியவே புரியாது. புரிய வேண்டும் என்று சட்டம் என்னைக் கேட்கவும் இல்லை.

நீங்கள் அந்தப் பள்ளிக்குத் தலைமையாசிரியராக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

#14 வலதுகரை

நேர்மையாகச் சொல்வதென்றால் நிறுத்தியிருப்பேன். அப்புறம் தீர்ப்பு வந்ததும் சேர்த்திருப்பேன், பல்லைக் கடித்துக்கொண்டு. மதமாற்றம் பற்றிய என் கருத்து மாறவில்லை. ஆனால் மேலே போட்ட "மட்டும்" கொஞ்சம் உறுத்துகிறது. யோசிக்கிறேன்.

#15 நொய்யல்

கோவையிலிருந்து. வக்கீல். குண்டாஸ் பேச்சு வந்ததால் உள்ளே வருகிறேன்.

அந்தச் சட்டம் 1982-இன் 14-ஆம் சட்டம். முதலில் யார் யாருக்காக வந்தது? கள்ளச்சாராயம் காய்ச்சுபவர், போதைப்பொருள் விற்பவர், ரவுடி, குடிசைப் பகுதி நிலத்தைப் பறிப்பவர், இப்படி. எவரும் பரிந்து பேசாத ஆட்கள். விசாரணை இல்லாமல் ஒரு வருடம் வரை உள்ளே வைக்கலாம். பிறகு திருட்டு வீடியோக்காரர்களைச் சேர்த்தார்கள், சினிமாக்காரர்கள் கைதட்டினார்கள். மணல் கடத்தல் சேர்ந்தது, நாமே கைதட்டினோம். இணையக் குற்றம் சேர்ந்தது. ஒவ்வொரு தடவையும் சேர்க்கப்பட்டவர் நமக்குப் பிடிக்காதவர். அப்படியே சட்டம் கொழுத்தது.

2017-இல் அது சேலத்தில் துண்டுப் பிரசுரம் கொடுத்த ஒரு கல்லூரி மாணவி மேல் பாய்ந்தது. மெரினாவில் ஈழத் தமிழருக்கு மெழுகுவத்தி ஏற்றப் போன மே 17 இயக்கத்தினர் மேல் பாய்ந்தது. உயர் நீதிமன்றம் ரத்து செய்யும்வரை உள்ளே இருந்தார்கள். 2023-இல் செய்யாறு பக்கம் சிப்காட்டுக்கு நிலம் தர மாட்டோம் என்ற விவசாயிகள் ஏழு பேர் மேல் பாய்ந்தது. ஊரே கொதித்த பிறகு ஆறு பேர் மேல் போட்டதைத் திரும்பப் பெற்றார்கள். 2017-க்கும் 2023-க்கும் நடுவில் ஆட்சி மாறியிருந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எங்கள் சொந்தக் கதையும் ஒன்று உண்டு. கோவையில் வக்கீல்களுக்கும் போலீஸுக்கும் ஒரு தடவை மோதல். அந்த வழக்கில் சிக்கிய போலீஸ்காரர்களுக்காக எங்களில் எவரும் ஆஜராகக் கூடாது என்று சங்கத்தில் தீர்மானம் போட்டார்கள். அந்த விவகாரம் 2010-இல் உச்ச நீதிமன்றம்வரை போய், அந்த மாதிரித் தீர்மானங்கள் எல்லாமே செல்லாது என்று தீர்ப்பானது. கொலைகாரனுக்கும் பயங்கரவாதிக்கும் வக்கீல் உண்டு, அடித்த போலீஸுக்கும் உண்டு. அந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. இப்போதும் மேற்கோள் காட்டும்போது கொஞ்சம் எரிச்சல் வரும். ஆனால் காட்டுகிறேன், மாதம் ஒரு தடவையாவது.

#16 கரிசல்காடு

சரி, சட்டப்படி அவர்களுக்கு அனுமதி கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு இப்போது சந்தேகம் இல்லை. ஆனால் கிடைக்க வேண்டும் என்று நினைப்பது வேறு, அதற்காக நான் போய்க் கையெழுத்துப் போடுவது வேறு இல்லையா? அவர்கள் நீதிமன்றம் போனால் தானாகவே ஜெயிப்பார்களே.

#17 நொய்யல்

ஜெயிப்பார்கள். தெருக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தலாம், மொத்தமாக மூட முடியாது என்று 1972-லேயே அகமதாபாத் வழக்கில் தீர்ந்துபோன விஷயம் இது. ஆனாலும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் மதுரைக்குப் பேருந்து ஏற வேண்டியிருக்கிறதே, ஏன்? மறுத்தால் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்று மறுப்பவருக்குத் தெரியும். மறுக்கப்பட்டவனுக்கு எதிர்முகாம்காரன் சாட்சிக்கு வர மாட்டான் என்பதும் தெரியும். அந்த இரண்டாவது கணக்கை உங்கள் ஒரு கையெழுத்து தப்பாக்கும்.

#18 பறையொலி

இரண்டு நாள் இந்த இழைப் பக்கம் வரவில்லை. கோபத்தில்தான். இப்போது சொல்கிறேன்.

எங்கள் ஊரில் அம்பேத்கர் கம்பிக் கூண்டுக்குள் நிற்கிறார். அவரைச் சுற்றிக் கம்பி போட்டவர்களும் சட்டம் ஒழுங்கு என்றுதான் சொன்னார்கள். ஏப்ரல் 14 ஊர்வலத்துக்கு எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்று வருடா வருடம் நாங்கள் கெஞ்ச வேண்டும். அந்த ஒரு வரிக் கடிதத்தை இந்த இழையில் இருக்கும் எல்லோரையும்விட அதிகமாக வாங்கியவர்கள் நாங்கள். அதனால் அந்த வரி சாக வேண்டும் என்பதில் உங்களைவிட எனக்கு அக்கறை அதிகம்.

ஆனால் அவர்கள் மனுவில் போய்க் கையெழுத்துப் போடாதீர்கள் தம்பி. அதில் அவர்கள் வாசகம் இருக்கும், உங்கள் பெயர் அதற்குக் கீழே வரும். தனியாக எழுதுங்கள். அவர்கள் கருத்தோடு உடன்பாடில்லை என்பதை முதல் வரியில் எழுதுங்கள். அப்புறம் அவர்களிடம் நேராகக் கேளுங்கள், ஏப்ரலில் எங்களுக்கு மறுத்தால் நீ வந்து எழுதுவாயா என்று. பதில் என்னவானாலும் உங்கள் கடிதம் போகட்டும். கேள்வியைக் கேட்காமல் மட்டும் விடாதீர்கள்.

#19 திருச்சிக்காரன்

இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை. அந்தச் சிரிப்புப் பொம்மைப் பதிவைத் தேடி எடுத்து அழித்துவிட்டேன்.

#20 சும்மா வந்தவன்

அழித்திருக்கக் கூடாது. அப்படியே வைத்திருந்தால் உங்கள் பேரன் பார்ப்பான்.

#21 கரிசல்காடு

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வட்டம் கூடியது. இரண்டரை மணி நேரம். நான்கு வரியில் தனிக் கடிதம் எழுதினோம். இவர்கள் கருத்தை நாங்கள் முழுமையாக எதிர்க்கிறோம், இவர்களுக்கு அனுமதி மறுத்த காரணம் எங்களுக்கு மறுத்த அதே காரணம், அது அன்றும் செல்லவில்லை, இன்றும் செல்லாது. ஏழு பேர் கையெழுத்துப் போட்டோம். நான்கு பேர் போடவில்லை, ஆனால் வட்டத்தில் இருக்கிறார்கள். ஒருவர் எழுந்து போய்விட்டார். நூலகத்துக்கு அவர் கொடுத்த புத்தகங்களை என்ன செய்வது என்று தெரியவில்லை, அவரும் கேட்கவில்லை.

அந்த அமைப்புக்காரர் வந்து படித்துப் பார்த்தார். முதல் வரியை எடுத்துவிட முடியுமா என்றார். முடியாது என்றோம். ஏப்ரல் கேள்வியைக் கேட்டேன். கொஞ்ச நேரம் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், "மேலே கேட்டுச் சொல்கிறேன்" என்றார். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அனுமதி கிடைத்தால் கூட்டத்தன்று எதிர்ப்பக்க டீக்கடை வாசலில் நின்று நாங்கள் நோட்டீஸ் கொடுப்பதாக இருக்கிறோம். 15(4) எப்படி வந்தது என்று ஒரு பக்கத்தில். கோப்பு ஐயா எழுதியதிலிருந்து எடுத்துக்கொள்ளலாமா?

#22 பழைய கோப்பு

தாராளமாக. தேதிகளை இன்னொரு தடவை சரிபார்த்து இரவுக்குள் அனுப்புகிறேன்.

#23 பறையொலி

அச்சுச் செலவுக்கு நான் ஐந்நூறு தருகிறேன். அச்சுக்குப் போவதற்கு முன் எனக்கு அனுப்புங்கள். போலீஸ் கடிதம் மாதிரி எழுத்துப்பிழையோடு போகக் கூடாது.